மிதக்காத கரு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தைச் சமையல் மேடையில் விரித்துவைத்து, செல் படத்தைப் பார்த்து நோட்டில் வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் நான் ஆம்லெட்டுக்கு முட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். பெரிய வட்டம், நடுவில் சின்ன வட்டம், அதற்கு ஓர் அம்புக்குறி, ‘உட்கரு’ என்று பெயர். எழுதி முடித்தவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு கேட்டாள்:

“சித்தி, இது ஏன் கீழ விழ மாட்டேங்குது?”

‘சைட்டோபிளாசத்துல மிதக்குது’ என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போயிருக்கலாம். எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் கையில் இருந்த கிண்ணத்திலேயே வேறு பதில் கிடந்தது. முட்டையை உடைத்தால் மஞ்சள் கருவின் ஓரத்தில் வெள்ளையாக, முறுக்கிய நூல் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் அதைக் கரண்டி நுனியால் எடுத்துப் போட்டுவிடுவார்கள். “குஞ்சு வர்ற இடம்” என்பாள் அம்மா. அது குஞ்சு வரும் இடம் இல்லை. அதற்குப் பெயர் கலேசா. மஞ்சள் கருவை முட்டையின் இரண்டு முனைகளோடும் சேர்த்துக் கட்டியிருக்கும் கயிறு அது. முட்டையை எப்படி உருட்டினாலும் மஞ்சள் கரு ஓட்டில் போய் ஒட்டாமல் நடுவில் நிற்பது அந்தக் கயிறுகளால்தான்.

தமிழில் இரண்டுக்கும் ‘கரு’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். அங்கே மஞ்சள் கரு, இங்கே உட்கரு. இலங்கைப் பாடப்புத்தகங்களில் வெறும் ‘கரு’தான். செல்லின் கருவும் கயிறு கட்டியே நிற்கிறது என்றேன். “புத்தகத்துல கயிறு இல்லையே” என்றாள். நியாயமான கேள்வி. அன்று ஆம்லெட் தீய்ந்துபோனதற்கும் அதுதான் காரணம்.

முதலில் அவள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சாதாரணச் செல்லில் உட்கரு ஏறத்தாழ பத்து மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. அந்த அளவில் புவியீர்ப்பு கிட்டத்தட்ட இல்லாத மாதிரிதான். சுற்றியிருக்கும் கூழின் பிசுபிசுப்பும், மற்ற இழுபறிகளும் அதை அமுக்கிவிடும். செல் பெரிதானால் கதை மாறும். ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் முட்டைச் செல் ஒரு மில்லிமீட்டர் வரும். அதன் உட்கருவைக் கண்ணாலேயே புள்ளியாகப் பார்த்துவிடலாம். 2013-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மரீனா ஃபெரிக், கிளிஃபோர்ட் பிராங்வின் இருவரும் அந்த உட்கருவுக்குள் இருக்கும் ஆக்டின் என்ற புரத இழைகளின் வலையைக் குலைத்துப் பார்த்தார்கள். உள்ளே ஆங்காங்கே நின்றுகொண்டிருந்த நியூக்ளியோலஸ் என்ற குட்டி உருண்டைகள், சேற்றில் கல் இறங்குவதுபோல மெல்ல அடியில் போய்ச் சேர்ந்தன. சேர்ந்ததோடு ஒன்றோடொன்று கலந்தும் போயின. ஆக, ‘ஏன் விழவில்லை’ என்பது அசட்டுக் கேள்வி இல்லை.

இந்தக் கயிறு விஷயம் எனக்குத் தெரியவந்தது ஒரு சொதப்பலில்.

எம்.எஸ்ஸி. முடித்த கையோடு ஓர் ஆய்வகத்தில் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட்டாக இரண்டு வருடம் இருந்தேன். முதலில் கொடுத்த வேலை கீறல். எலியின் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசுச் செல்களைக் கவர்சிலிப் மீது இடைவெளி இல்லாமல் வளர்க்க வேண்டும். சீரம் கொடுக்காமல் இரண்டு நாள் பட்டினி போட வேண்டும். அப்புறம் பிப்பெட்டின் மஞ்சள் டிப்பால் நேர்க்கோடாக ஒரு கீறு. கோட்டில் இருந்த செல்கள் பெயர்ந்து போய்விடும், இரு கரையிலும் இருப்பவை அந்தப் பள்ளத்தை மூட நகரத் தயாராகும். எல்பிஏ என்ற ஒரு கொழுப்புப் பொருளைச் சொட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ஃபார்மலினில் நிறுத்தி, டாபி சாயம் ஏற்றி, இருட்டறையில் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். டாபி டிஎன்ஏவில் ஒட்டும், உட்கரு மட்டும் நீலமாக ஒளிரும்.

பார்த்தேன். கரையோரச் செல்கள் எதிலுமே உட்கரு நடுவில் இல்லை. எல்லாம் கீறலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாக ஒதுங்கிக் கிடந்தன. செல்களைப் பட்டினி போட்டே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். சீனியர் அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டு, “அண்ணா, என் செல் எல்லாம் கெட்டுப்போச்சு போல, நியூக்ளியஸ் ஒதுங்கிப் போயிருக்கு” என்றேன். அவர் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஒதுங்கல. இழுத்து வெச்சிருக்கு. நல்லா வந்திருக்கு, போட்டோ எடு.”

நகரப் போகும் செல் முதலில் தன் உட்கருவைப் பின்னுக்குத் தள்ளிவைத்துவிட்டுத்தான் கிளம்புகிறது. சாமான் வண்டியில் பாரத்தைப் பின்பக்கம் ஏற்றுவதுபோல. அது எப்படி நடக்கிறது என்பதை 2010-ல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிரெக் குண்டர்சன் குழு காட்டியது. உட்கருவின் முதுகின் மேலே ஆக்டின் கம்பிகள் இணையாக ஓடுகின்றன. அந்தக் கம்பிகளின் நெடுக, உட்கருவின் உறையில் இரண்டு புரதங்கள் வரிசைகட்டி நின்று கம்பியைப் பிடித்துக்கொள்கின்றன. கம்பி பின்னோக்கி ஓடும்போது உட்கருவும் கூடவே போகிறது. அந்த இரண்டில் எதைக் குறைத்தாலும் கம்பி உட்கருவின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும், உட்கரு இருந்த இடத்திலேயே கிடக்கும்.

இதற்கெல்லாம் முன்பே, 1997-ல், பாஸ்டனில் ஒரு சோதனை நடந்தது. ஆண்ட்ரூ மனியோட்டிஸ், கிறிஸ்டோபர் சென், டொனால்ட் இங்பர் மூவரும் செய்தது. இன்றைக்கும் எனக்கு மிகப் பிடித்த சோதனை அது, ஏனென்றால் கேள்வியும் பதிலும் ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். செல்லின் வெளித்தோலில் இன்டக்ரின் என்ற கொக்கிகள் இருக்கின்றன. செல் தரையைப் பற்றிக்கொள்வது அவற்றால்தான். அந்தக் கொக்கிகளில் மட்டும் ஒட்டும்படி பூச்சுப் பூசிய நுண்மணிகளைச் செல்லின் மேல் தூவினார்கள். ஒட்டிய மணியை மிக மெல்லிய கண்ணாடி ஊசியால் பக்கவாட்டில் இழுத்தார்கள். செல்லின் ஓரத்தில்தான் இழுப்பு. ஆனால் நடுவில் இருந்த உட்கரு இழுத்த திசையில் நீண்டது, அதற்குள் இருந்த நியூக்ளியோலஸ்கள் அதே கோட்டில் போய் வரிசையாக நின்றன. சரி, செல்லையே இழுத்தால் எல்லாம் சேர்ந்து வரத்தானே செய்யும் என்று கேட்கலாம். அதற்காகவே கொழுப்பை உள்வாங்கும் வேறொரு ஏற்பியில் மணியை ஒட்டி, அதையும் இழுத்துப் பார்த்தார்கள். தோல் மட்டும் இழுபட்டது, உட்கரு அசையவில்லை. வேஷ்டியின் சரியான நுனியைப் பிடித்தால்தான் ஆளே வருவார் என்ற மாதிரி.

ஆக, வெளியிலிருந்து உட்கரு வரை ஒரு கயிறு இருக்கிறது. அடுத்த சிக்கல், அது எப்படி உள்ளே நுழைகிறது?

உட்கருவுக்கு ஒரு சுவர் இல்லை, இரண்டு. வெளிச்சவ்வு, உட்சவ்வு, இரண்டுக்கும் நடுவே சில பத்து நானோமீட்டர் இடைவெளி. ஆக்டினும், செல்லின் இன்னொரு வகைக் கம்பிகளான நுண்குழல்களும் வெளிச்சவ்வுக்கு வெளியே. உட்சவ்வுக்கு உள்பக்கம் லாமின் என்ற புரதம் பாய் பின்னியதுபோல விரிந்திருக்கிறது, குரோமோசோம்கள் அந்தப் பாயைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. வெளியே இருக்கும் கம்பிக்கும் உள்ளே இருக்கும் பாய்க்கும் நடுவே இரட்டைச் சுவர். இதற்கு விடை கொடுத்தது மைக்ராஸ்கோப் அல்ல, சரியாக நெளியத் தெரியாத ஒரு புழு.

சி. எலிகன்ஸ் என்பது ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு. அதில் ஏதாவது ஒரு மரபணு கெட்டால் புழுவுக்கு என்ன ஆகிறதோ, அதையே மரபணுவுக்குப் பெயராக வைப்பது அந்தத் துறையின் வழக்கம். நெளிவு ஒத்துவராதவை ‘அன்க்’. அவற்றில் 84-ஆவது, 1980-ல் ஹார்விட்ஸும் சல்ஸ்டனும் எடுத்த பட்டியலில் வந்தது. அந்தப் புழுவில் என்ன கோளாறு என்றால், குஞ்சுப் பருவத்தில் சில செல்களின் உட்கருக்கள் பக்கவாட்டிலிருந்து வயிற்றுப் பக்கத்துக்கு ஒரு சந்து வழியாக நெருக்கியடித்துப் போக வேண்டும். அன்க்-84 கெட்டிருந்தால் அவை போவதில்லை. போகாத செல்கள் செத்துவிடும். அவற்றிலிருந்து வர வேண்டிய நரம்புகளும் இல்லை, முட்டையிடும் துவாரமும் இல்லை. புழு சரியாக நெளியாது, முட்டையும் வெளியே வராது. தாயின் வயிற்றுக்குள்ளேயே குஞ்சுகள் பொரித்துவிடும்.

இன்னொரு புழு, ஆங்க்-1. எட்வர்ட் ஹெட்ஜ்காக், நிக்கோல் தாம்சன் இருவரும் 1982-ல் எழுதியது. புழுவின் தோலில் பெரும்பகுதி ஒரே ராட்சதச் செல், அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட உட்கருக்கள். நல்ல புழுவில் அவை ஓரளவு சீரான இடைவெளியில் அசையாமல் நிற்கும். ஆங்க்-1 கெட்ட புழுவில்? புழு ஒரு பக்கம் வளைந்தால் உட்கருக்கள் சரிகின்றன, மறுபக்கம் வளைந்தால் அந்தப் பக்கம் சரிகின்றன, சில இடங்களில் குவிந்துகொள்கின்றன. நம் பாடப்புத்தகம் சொல்லும் ‘மிதக்கும் உட்கரு’ உண்மையிலேயே இருக்கிறது. கயிறு அறுந்த புழுவில்.

1999-ல் அன்க்-84 புரதம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது, உட்கருவின் உறையில். அதன் வால்பகுதி, ஈஸ்ட்டில் இருக்கும் சேட்1 என்ற புரதத்தின் வாலோடு ஒத்துப்போனது. சேட், அன்க் இரண்டையும் சேர்த்து அந்தப் பகுதிக்கு ‘சன்’ என்று பெயர். 2002-ல் டேனியல் ஸ்டாரும் மின் ஹானும் ஆங்க்-1 என்ன என்று கண்டுபிடித்தார்கள். அது எட்டாயிரத்துச் சொச்சம் அமினோ அமிலங்கள் கொண்ட ராட்சதப் புரதம். ஒரு முனை ஆக்டினைப் பிடிக்கிறது. மறுமுனை உட்கரு உறையில் செருகியிருக்கிறது. இந்தச் செருகும் முனை ஈயின் கிளார்சிக்ட் என்ற புரதத்திலும் இருக்கிறது, பாலூட்டிகளின் சைன் என்ற புரதத்திலும் இருக்கிறது. மூன்றையும் சேர்த்து ‘காஷ்’ என்று பெயர் வைத்தார்கள். கிளார்சிக்ட் என்றால் ஜெர்மனில் தெளிந்த பார்வை. அந்த மரபணு கெட்ட ஈயின் கருமுட்டை வழக்கத்தைவிடத் தெளிவாக, ஊடுருவிப் பார்க்கும்படி இருக்கும், அதனால் அந்தப் பெயர். பெயர் வைப்பதில் ஈக்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இப்போது விடை தெரிகிறது. உட்சவ்வைத் துளைத்துக்கொண்டு நிற்கிறது சன். அதன் ஒரு கை உள்ளே லாமின் பாயைத் தொடுகிறது, மறு கை இரண்டு சவ்வுகளுக்கும் நடுவே நீண்டிருக்கிறது. வெளிச்சவ்வைத் துளைத்து நிற்கிறது காஷ்; அதன் நீண்ட உடல் வெளியே கம்பியைப் பிடிக்கிறது, குட்டி வால் இடைவெளிக்குள் தொங்குகிறது. இருட்டுச் சந்தில் கையும் வாலும் கோத்துக்கொள்கின்றன. இந்த ஜோடிக்கு ‘லிங்க்’ என்ற பெயர் 2006-ல் வந்தது. அந்தக் கோப்பு எப்படி இருக்கிறது என்பதை 2012-ல் எம்ஐடியில் தாமஸ் ஷ்வார்ட்ஸ் குழு அணு அணுவாகப் பார்த்தது. சன் தனியாக வருவதில்லை, மூன்று சேர்ந்து புளியாரை இலை மாதிரி விரிகின்றன. இலைக்கும் இலைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் ஒவ்வொரு காஷ் வாலும் போய்ப் படிகிறது. மூன்று கைக்கு மூன்று வால். போதாததற்குக் கந்தக அணுக்கள் இரண்டு சேர்ந்து ஒரு பூட்டும் போட்டுக்கொள்கின்றன. இழுவை தாங்கும் முடிச்சு வேண்டும் என்றால் இப்படித்தான் போட வேண்டும்.

படத்தை இவ்வளவு அழகாக முடித்துவிட்டால் ஸ்டாரே ஒத்துக்கொள்ளமாட்டார். 2021-ல் அவருடைய ஆய்வகமே, ஆங்க்-1 புழுவில் ஆக்டினைப் பிடிக்கும் முனையையும் காஷ் வாலையும் வெட்டிவிட்டுப் பார்த்தது. உட்கருக்கள் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்றன. அந்த ராட்சதப் புரதத்தின் நடுப்பகுதிதான், உட்கருவைச் சுற்றியிருக்கும் எண்டோபிளாச வலையையும் சேர்த்துப் பிடித்து, பெரும்பாலான வேலையைச் செய்கிறது. கயிறு மட்டும் இல்லை, வைக்கோல் திணித்த பெட்டியும் கூட. கலேசா உவமை இந்த இடத்தில் இடிக்கிறது என்று எனக்கும் தெரியும்.

மனித உடலில் காஷ் குடும்பத்துக்கு நெஸ்பிரின் என்று பெயர். நெஸ்பிரின்-1, 2 ஆக்டினைப் பிடிப்பவை. நெஸ்பிரின்-3, பிளெக்டின் என்ற இன்னொரு புரதத்தின் வழியாக, இடைநிலை இழைகள் என்ற வேறு வகைக் கம்பிகளைப் பிடிக்கிறது. விந்தும் முட்டையும் உருவாகும்போது மட்டும் வரும் காஷ்-5 என்று ஒன்று உண்டு. ஜோடி குரோமோசோம்கள் ஒன்றையொன்று தேடிச் சேர, அவற்றை வெளியிலிருந்து இழுத்து அலைக்கழிக்கும் வேலை அதற்கு.

நெஸ்பிரின்-4 எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது. நம் காதுக்குள், ஒலியைப் பெருக்கித் தரும் வெளி மயிர்ச் செல்கள் நீளமான தூண் மாதிரி இருக்கும். அவற்றின் உட்கரு எப்போதும் தூணின் அடியில். நெஸ்பிரின்-4 இல்லாத எலிகளில் அந்தச் செல்கள் பிறக்கும்போது நன்றாகவே இருக்கின்றன. ஆனால் உட்கரு அடியில் நிற்காமல் மேலே ஏறிவிடுகிறது, காது கேட்கத் தொடங்கும் வயதில் செல்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. இஸ்ரேலில் சில குடும்பங்களில் பரம்பரையாக வரும் செவித்திறன் இழப்புக்கு இதே மரபணுதான் காரணம் என்று 2013-ல் தெரிந்தது. ஒரு உட்கரு தன் இடத்தில் இல்லை, அவ்வளவுதான். அதற்கே காது போகிறது.

சரி, இழுத்தால் உட்கருவுக்குத் தெரியுமா? 2014-ல் வட கரோலினாவில் கீத் பர்ரிட்ஜ் குழு, செல்லையே உரித்துப் போட்டுவிட்டு உட்கருவை மட்டும் தனியாக எடுத்தது. நெஸ்பிரின்-1-ஐப் பிடிக்கும் காந்த மணிகளை அதன் மேல் ஒட்டி, காந்தத்தால் விட்டு விட்டு இழுத்தது. முதல் இழுப்பில் மணி நன்றாக நகர்ந்தது. அடுத்ததில் குறைவாக. அதற்கடுத்ததில் இன்னும் குறைவாக. செல்லே இல்லை, கட்டளையிட யாரும் இல்லை, உட்கரு தானாகவே விறைத்துக்கொண்டது. இரண்டு வருடம் கழித்து இல்லினாயில் நிங் வாங் குழு, செல்லின் மேல்தோலில் மணியை ஒட்டி முறுக்கி, உள்ளே ஒரு மரபணு இருக்கும் குரோமாட்டின் (டிஎன்ஏவும் புரதமும் பின்னிய இழை) துண்டே நீளுவதையும், நீண்ட பிறகு அந்த மரபணு அதிகம் வேலை செய்வதையும் காட்டியது. செல்லின் தலைமைச் செயலகம் என்று நாம் சொல்லிக்கொடுக்கும் உட்கருவை வாசலில் நிற்பவர் கயிறு கட்டி இழுக்க முடிகிறது, இழுத்தால் உள்ளே கோப்பும் நகர்கிறது.

இழுவை நல்லதுதான், உட்கரு திடமாக இருக்கும்வரை. லாமின் ஏ மரபணு கெட்டால் பாய் நைந்துபோகிறது. 1999-ல் ஒரு வகைத் தசைச் சிதைவு நோய்க்கு இந்த மரபணு காரணம் என்று தெரிந்தது. 2003-ல், குழந்தைகளுக்கு வேகமாக முதுமை வரும் புரோஜீரியாவுக்கும் இதே மரபணு. இதயமும் தசையும் முதலில் அடிபடுவது ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று நேரடியானது. இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது, ஒவ்வொரு துடிப்பும் கயிறு வழியாக நைந்த உட்கருவை இழுக்கிறது.

அப்படியென்றால் கயிற்றை அறுத்துவிட்டால்? கேட்கவே விபரீதமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2012-ல் காலின் ஸ்டூவர்ட் உள்ளிட்டோர், லாமின் ஏ கெட்ட எலிகளில் சன்-1-ஐயும் சேர்த்து நீக்கிப் பார்த்தபோது, எலிகள் இன்னும் மோசமாகவில்லை. அதிக நாள் வாழ்ந்தன. 2021-ல் சிங்கப்பூரில், லாமின் கெட்டு இதயம் வீங்கிய எலிகளுக்கு ஒரு தீங்கற்ற வைரஸ் வழியாகப் போலி சன் புரதம் ஒன்றைக் கொடுத்தார்கள். அது காஷ் வால்களைத் தானே பிடித்துக்கொள்ளும், ஆனால் உள்ளே எதையும் தொடாது. கயிறு இருக்கும், முடிச்சு இருக்காது. அந்த எலிகளின் இதயம் தாக்குப்பிடித்தது. இதுவரை எலிகளில்தான் இந்தக் கதை. ஆனாலும் அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. இரண்டு வருடம் நெஸ்பிரினைக் குறைத்துக் குறைத்து, ‘இது இல்லாவிட்டால் செல் கெடும்’ என்று எழுதிக்கொண்டிருந்தவள் நான்.

அக்கா மகளுக்கு இதில் பாதியைத்தான் சொன்னேன். மீதிக்கு அவளுக்குப் பொறுமை இல்லை. “காட்டு” என்றாள்.

என்னிடம் பழைய மாணவர் மைக்ராஸ்கோப் ஒன்று இருக்கிறது. நறுக்காமல் விட்ட வெங்காயத்தில் உள் மடலின் உரியை எடுத்தோம். பள்ளியில் இதற்கு உடனே சஃப்ரனின் சாயம் விடுவார்கள். உட்கரு சிவப்பாக, அழகாகத் தெரியும். சாயம் ஏறும்போது செல் செத்துவிடும், எல்லாம் அப்படியே நின்றுவிடும் என்பதை யாரும் சொல்வதில்லை. நாங்கள் சாயம் விடவில்லை. உரியைத் தண்ணீரிலேயே அரை மணி நேரம் விட்டுவிட்டு, விளக்கைக் குறைத்து, நாற்பது எக்ஸ் லென்ஸை இறக்கினோம்.

முதலில் வெறும் செங்கல் சுவர்தான். அப்புறம் ஒரு செல்லின் ஓரத்தில், கண்ணாடி உருண்டை மாதிரி, நிறமில்லாத உட்கரு. அதிலிருந்து செல்லின் குறுக்கே இரண்டு மூன்று மெல்லிய இழைகள். இழைகளின் மேல் தூசி மாதிரிப் புள்ளிகள் ஒரே திசையில் ஓடிக்கொண்டிருந்தன, நடுவில் நின்றன, மறுபடி ஓடின. செடிகளிலும் சன் உண்டு. காஷ் வேலையை வேறு புரதங்கள் செய்கின்றன, அவற்றில் மயோசின் ஒன்று ஆக்டினைப் பிடித்து நடந்து உட்கருவை நகர்த்துகிறது. 2013-ல் ஜப்பானியர்கள் அந்த மயோசினைக் கண்டுபிடித்தபோது அது கெட்ட செடிக்கு ‘காகு’ என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானிய மொழியில் உட்கரு என்று பொருள்.

அவள் ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை.

“சித்தி, இந்தக் கோடு இப்ப இங்க இல்ல. அந்தப் பக்கம் போயிடுச்சு.”

“ம்.”

“அது இழுக்குதா, தள்ளுதா?”

தெரியவில்லை என்றேன். நோட்டை எடுத்துவரச் சொன்னாள், கண்ணை எடுக்காமலேயே.